பென்சிலும் ரப்பரும் போட்ட ஒரே கோடு

பெயிண்டர் வருகிறார் என்று அலமாரியை நகர்த்தினோம். அதனால் வந்த வினை இது. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்த அலமாரியை யாரும் நகர்த்தியதில்லை. என் கணவர் ஒரு பக்கம் தள்ள, நான் மறுபக்கம் இழுக்க, அவருடைய இடுப்பும் என் முழங்காலும் போட்டி போட்டுக்கொண்டு முனகின. ஒரு முழம் நகர்ந்ததும் பின்னாலிருந்து ஒரு காகிதச் சுருள் உருண்டு வந்து என் காலடியில் நின்றது. அவர் அதைக் கவனிக்கவில்லை. "உப்புத்தாள் வாங்கி வைக்கச் சொன்னாரே பெயிண்டர், மறந்தே போச்சு" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்த மனிதருக்கு எதுவும் வேளைக்கு ஞாபகம் வராது.

தரையில் உட்கார்ந்து தூசியைத் தட்டிச் சுருளைப் பிரித்தேன். டிரேசிங் பேப்பர். ஓரமெல்லாம் பழுத்து மஞ்சளாகியிருந்தது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஆழத்தின் எண்கள், நடுவில் நூற்றுச் சொச்சம் பென்சில் புள்ளிகள், அவற்றின் ஊடே சாய்வாக இறங்கும் ஒரே ஒரு கோடு. மேல் மூலையில் என் கணவரின் குட்டிக் குட்டிக் கையெழுத்தில் 'கிணறு 9' என்று எழுதியிருந்தது.

அந்தக் கோட்டைத்தான் நான் முப்பத்தாறு வருடங்களுக்கு முன் திருடினேன். அந்தக் கோட்டால்தான் என் தம்பி சாகப் பார்த்தான். இதை நான் யாரிடமும், என் கணவரிடமும்கூடச் சொன்னதில்லை. தம்பியோ பெயிண்டர் வரும் அன்றே மதியம் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தான்.

எங்கள் வேலையைப் பற்றிச் சொன்னால், நாங்கள் எண்ணெய் தோண்டினோம் என்றுதான் இன்றும் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் ஒரு கைப்பிடி மண்கூடத் தோண்டியதில்லை. நான்காவது மாடியில் உட்கார்ந்து கோடு போட்டோம். அவ்வளவுதான் எங்கள் வீரம்.

தோண்டி முடித்த கிணற்றுக்குள் ஒரு கருவியை இறக்கி, அடியிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டே வருவார்கள். பாறைக்குள் ஒலி ஓர் அடி தூரம் போக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அது வழியெல்லாம் அளக்கும். அந்த அளவுகள் நீளமான ஒரு தாளில் நெளிநெளியாகப் பதிந்து, விசிறி மடிப்பாக மடித்து எங்கள் மேஜைக்கு வரும். அதற்கு 'லாக்' என்று பெயர். அதில் களிமண் பாறை வருகிற இடங்களை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைப்போம். ஆழம் கூடக் கூட, மேலே இருக்கிற பாரம் களிமண்ணை அழுத்தி உள்ளேயிருக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். மண் இறுகும், ஒலி விரைவாகப் போகும், புள்ளிகள் ஒழுங்காக இடதுபக்கம் சாய்ந்துகொண்டே இறங்கும். எங்கேயாவது தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் மேலேயுள்ள பாரத்தை அந்தத் தண்ணீர் சுமக்க வேண்டிவரும். அங்கே மண் இறுகாது, ஒலி தாமதமாகும், புள்ளி வலதுபக்கம் விலகும். அழுத்தம் அங்கேதான் காத்திருக்கிறது.

ஆனால் எதிலிருந்து விலகுகிறது என்று தெரிய வேண்டுமே. அதற்குத்தான் கோடு. ஒழுங்காக இறுகிய களிமண்ணின் புள்ளிகள் ஊடே ஒரு நேர்கோடு போட்டு, அதைக் கீழே நீட்டிக்கொண்டே போக வேண்டும். புள்ளிகள் எல்லோருக்கும் ஒன்றுதான், கோடு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அளவுகோலை இடதுபக்கம் ஒரு நூல் சாய்த்தால், அழுத்தம் இருநூறு மீட்டர் மேலேயே தொடங்குவதாக வரும். வலதுபக்கம் சாய்த்தால் அதே அழுத்தம் எங்கோ கீழே போய்விடும். அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்த கிணறு தோண்டும்போது துளைக்குள் எவ்வளவு கனமான சேற்றை நிரப்புவது என்று முடிவு செய்வார்கள். கிணறு தோண்டும் இடமான ரிக்கில் அதை 'மட்' என்பார்கள். மட் லேசாக இருந்தால் உள்ளேயிருக்கிற வாயு மேலே பாய்ந்து வரும். கனமாக இருந்தால் பாறை விரிசல் விட்டு அந்தச் சேற்றை எல்லாம் குடித்துவிடும். இரண்டுமே ஆபத்துதான்.

அந்த அறையை இப்போது நினைத்தாலும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. பால் நிறக் கண்ணாடிக்கு அடியில் டியூப் லைட் எரியும் இரண்டு மேஜைகள். குளிரான காலைகளில் அந்தக் கண்ணாடி வெதுவெதுப்பாக இருக்கும், வந்ததும் வராததுமாக இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்துக்கொள்வேன். லாக் நகல்களிலிருந்து அமோனியா நெடி வந்து மூக்கைத் துளைக்கும். டீக் கோப்பையை லாக் மேல் வைத்தவரை மேனேஜர் சும்மா விடமாட்டார். ஜன்னலுக்குக் கீழே கார் நிறுத்துமிடம், அங்கே எந்நேரமும் யாராவது ஒருவர் வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாமல் திட்டிக்கொண்டிருப்பார்.

அந்த அறையில் நாங்கள் இரண்டே பேர். இன்று என் கணவராக இருப்பவர் அப்போது ஒல்லியாக, காதில் எப்போதும் கூராகச் சீவிய பென்சிலோடு திரிவார். எல்லோரும் அவரைப் 'பென்சில்' என்றார்கள். நான் போட்ட கோட்டை நாலு தடவை அழிக்காமல் விடமாட்டேன், அதனால் எனக்கு 'ரப்பர்' என்று வைத்தார்கள். பென்சிலும் ரப்பரும் ஒரே அறையில் இருந்தால் மாடி முழுக்கக் கேலிக்குக் கேட்கவா வேண்டும்?

மேனேஜர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு கிணற்றுக்கும் நாங்கள் இருவரும் தனித்தனியாகக் கோடு போட வேண்டும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. போட்ட தாளை அவரவர் டிராயரில் வைத்துவிட வேண்டும். டிராயருக்குப் பூட்டு கிடையாது. மறுநாள் காலை இரண்டு தாளையும் விளக்கு மேஜையில் ஒன்றன் மேல் ஒன்றாக வைப்பார். கோடுகள் விலகியிருந்தால் எங்கள் வாய்ச்சண்டை ஆரம்பித்துவிடும். "நீங்க ஏன் இந்தப் புள்ளியைச் சேர்த்தீங்க, அங்க துளை அகலமாயிருக்கு, அளவே தப்பு" என்று நான் கத்த, "உங்களுக்குப் பிடிக்காத புள்ளி எல்லாம் தப்பா?" என்று அவர் கத்த, கடைசியில் ஒரு எண் வரும். மூன்று தடவை கோடுகள் ஏறக்குறைய ஒத்துப்போயின. அப்போதும் நாங்கள் ஓயவில்லை, எப்படி ஒத்துப்போயிற்று என்று அதற்கொரு சண்டை போட்டோம். அந்தச் சண்டைகளில் எனக்கு இருந்த சந்தோஷத்தை வேறு எதிலும் கண்டதில்லை. மூன்றாவது தடவை ஒத்துப்போன அன்று டீ குடிக்கும்போது அவர், "அடுத்த தடவையும் ஒத்துப்போனா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியாமலில்லை.

பக்கத்து அறையில் ரேடியோ இருந்தது. தினமும் காலை ஏழரைக்கு ரிக்கிலிருந்து கூப்பிடுவார்கள். அந்தக் குரல் என் தம்பியுடையது. அவன்தான் அங்கே மட் என்ஜினியர். அக்கா எண்ணைச் சொல்ல, தம்பி அந்த எண்ணுக்கு மட் கலக்க, அதை நம்பி நாற்பது பேர் ரிக்கில் நின்றார்கள். எங்கள் சண்டை ரேடியோ வழியாகவே அவனுக்குக் கேட்கும். "என்னக்கா, கச்சேரி முடிஞ்சுதா? எண் என்ன?" என்பான். இது எட்டுக் கிணறுகளாக நடந்தது.

எட்டாவது கிணற்றில்தான் வம்பு வந்தது. என் கோடு அவருடையதைவிட நன்றாக இடதுபக்கம் சாய்ந்திருந்தது, அதாவது அழுத்தம் கூடுதலாக, சீக்கிரமாக. மேனேஜர் ஏன் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பென்சில் சொன்னார்: "சார், இது கோடு இல்ல, தம்பிப்பாசம்."

மேனேஜர் சிரித்தார், ரேடியோக்காரரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. அது பொய்யாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அளவுகோலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ரிக்கில் நிற்கும் அவன் முகம் எனக்கு வரத்தான் செய்தது. அன்று கத்தித் தீர்த்த கையோடு மூன்று வாரம் நான் அவரிடம் பேசவில்லை. இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் அளவுகோல் வேண்டுமென்றால், "சார், அவர்கிட்ட அந்த ஸ்கேலைக் கொடுக்கச் சொல்லுங்க" என்று மேனேஜரைக் கூப்பிடுவேன். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு வந்து எடுத்துக் கொடுப்பார். பென்சில் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். நான் கண்டுகொள்ளவில்லை. வீம்பு பிடித்தால் என்னை அசைக்க ஆள் கிடையாது.

அப்போதுதான் ஒன்பதாம் கிணறு வந்தது. எட்டாம் கிணற்றின் லாக்கை வைத்து அதற்குக் கணிக்க வேண்டும். காலையில் புள்ளிகளை எல்லாம் வைத்து முடித்தேன். அளவுகோலை எடுத்தேன். இடதுபக்கம் சாய்த்தால் 'தம்பிப்பாசம்' என்று காதில் கேட்டது. வலதுபக்கம் சாய்த்தால் தம்பியின் முகம் வந்து நின்றது. போட்டேன், அழித்தேன், போட்டேன், அழித்தேன். மதியம் ஒரு மணிக்குப் பென்சில் தன் தாளை டிராயரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். மேனேஜரும் போய்விட்டார்.

ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று திறந்தேன். அவர் கோடு துணிச்சலாக வலதுபக்கம் சாய்ந்திருந்தது. புள்ளிகள் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது மீட்டரில்தான் விலகத் தொடங்கின. இவ்வளவு கீழேயா என்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவர் கண் நல்ல கண். என் கண்ணில்தான் பாசம் வந்து மறைக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? எனக்கு அவர் வேண்டும். நாலாவது தடவை கோடு ஒத்துப்போக வேண்டும், அவர் அதைக் கேட்க வேண்டும், நான் பேச ஒரு சாக்கு வேண்டும். அவர் தாளின் மேல் என் தாளை வைத்து, புள்ளிக்குப் புள்ளி பொருத்தி, அளவுகோலை வைத்து இழுத்தேன். நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் இரண்டு தாளையும் விளக்கு மேல் வைத்தார். ஒரே கோடுதான் தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "இனி உங்களுக்கு மேனேஜர் எதுக்கு?" என்றார். பென்சில் என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். மூன்று வாரத்து மௌனம் போன இடம் தெரியவில்லை.

ஏழரைக்கு ரேடியோ கூப்பிட்டது.

"எண் என்னக்கா?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. அது வரைக்கும் லேசான மட்டே போதும். அதுக்கப்புறம்தான் ஏத்தணும்."

"கச்சேரிச் சத்தமே கேக்கலையே. சண்டை போடலையா?"

"இல்லடா. ரெண்டு கோடும் அப்படியே ஒண்ணு மேல ஒண்ணா விழுந்துச்சு."

ரேடியோ கொஞ்ச நேரம் இரைந்துகொண்டிருந்தது. "அப்படியேவா?" என்றான்.

"மயிரிழைகூட வித்தியாசம் இல்ல."

"சரிக்கா" என்று வைத்துவிட்டான்.

அன்று மாலையே பென்சில் கேட்க வேண்டியதைக் கேட்டார். நானும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அடுத்த ஏழு வாரம் நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்குக் கால் மணி இருக்கும்போது, கூப்பிட வேண்டிய நேரமில்லாத நேரத்தில் ரேடியோ கூப்பிட்டது. தம்பியின் குரல் இல்லை. இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பத்து மீட்டரில் ஒரு மணல் அடுக்கைத் தொட்டார்களாம், மட் தானாக மேலே ஏறுகிறதாம், கிணற்றின் வாயை மூடிவிட்டார்களாம். எட்டாம் கிணற்றில் அந்த ஆழத்தில் வெறும் களிமண். களிமண்ணுக்குள் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் சட்டென்று எதுவும் வெளியே வராது, அதனால் அங்கே யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. மணல் அப்படி விட்டுவைக்காது. எங்கள் எண்ணுக்கு நூற்றைம்பது மீட்டர் மேலேயே அழுத்தம் உட்கார்ந்திருந்தது. "என் தம்பி எங்க?" என்று கேட்டேன். "மட் தொட்டிகிட்ட இருக்கார்" என்றது குரல்.

அன்று பகல் முழுக்க ரேடியோ அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பென்சில் பக்கத்து ஸ்டூலில் இருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்காகத்தான் இப்படி இடிந்து போயிருக்கிறார் என்று நினைத்தேன். தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஒரு பக்கம், இவரை வைத்துக்கொண்டு அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஒரு பக்கம். மறுநாள் சாயங்காலம்தான் அவன் குரல் வந்தது. "அக்கா, அடக்கியாச்சு" என்று கத்தினான். சந்தோஷத்தில் கத்துகிறான் என்று நினைத்தேன். மூடிய கிணற்றிலிருந்து வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு நாளுக்கு மேல் நின்றிருக்கிறான். வலது காதில் ஹெட்போன், இடது காதில் அந்தக் குழாயின் ஊளை. இடது காது அதோடு போயிற்று.

பிறகு ரிக் மேனேஜர் பேசினார். "உன் தம்பி ஒரு தொட்டி நிறைய கனமான மட் முன்கூட்டியே கலக்கி வச்சிருந்தான்மா. திட்டத்துல இல்லாத வேலை. எதுக்கு வீணாக்குறேன்னு நானே திட்டினேன். அது மட்டும் தயாரா இல்லேன்னா, இப்ப உன்கூடப் பேச இங்க ஆள் இருந்திருக்க மாட்டோம்." ஏன் கலக்கி வைத்தாய் என்று தம்பியிடம் கேட்டேன். "சும்மாதான்க்கா, கை அரிச்சுது" என்றான்.

விசாரணை நடந்தது. இருவர் தனித்தனியே போட்ட கோடுகள் முழுமையாக ஒத்துப்போனதால் கணிப்பில் கவனக்குறைவு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைப் படித்த அன்று என்னால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. நான் திருடாமல் இருந்திருந்தால் கோடுகள் விலகியிருக்கும், கத்தியிருப்போம், சரியான எண் வந்திருக்கும். ஐந்து மாதத்தில் கல்யாணம் ஆயிற்று. தம்பியோடு எங்கே போனாலும் நான் அவனுடைய வலதுபக்கத்தில்தான் உட்காருவேன். முப்பத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட இடம் மாறியதில்லை.

இதெல்லாம் தரையில் உட்கார்ந்திருந்த என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தேன். பழைய பழக்கம், விளக்கு மேஜை இல்லையென்றால் ஜன்னல். வெயில் தாளுக்குள் புகுந்ததும் அந்தக் கோட்டுக்கு இடதுபக்கத்தில் இன்னொன்று தெரிந்தது. பென்சில் கரி இல்லை, வெறும் பள்ளம். அவர் எப்போதும் கடினமான பென்சிலைத்தான் அழுத்திப் பிடிப்பார், ரப்பர் கரியை எடுக்குமே தவிரப் பள்ளத்தை எடுக்காது. அலமாரியிலிருந்து அளவுகோலைத் தேடி எடுத்து அந்தப் பள்ளத்தின் மேல் வைத்தேன். புள்ளிகள் இரண்டாயிரத்து எழுநூற்று இருபதில் விலகின. மணலுக்குத் தொண்ணூறு மீட்டர் முன்னாலேயே.

அவர் உப்புத்தாளோடு உள்ளே வந்தார். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. தாளைப் பார்த்தார், பிறகு உட்கார நாற்காலியைத் தேடினார்.

"அலமாரிக்குப் பின்னாடியா கிடந்துச்சு? தொலைஞ்சுபோச்சுன்னு நினைச்சேன்" என்றார். தொலைந்திருந்தால் நல்லது என்று நினைத்த குரல் அது.

"அழிச்சிருக்கீங்க."

"ஆமா."

"ரப்பர்னு பேர் வாங்கினது நான். நீங்க எப்ப அழிக்க ஆரம்பிச்சீங்க?"

அவர் உப்புத்தாளைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். "அந்த ஒரு தடவைதான். நீ மூணு வாரமா பேசல. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. முதல்ல கண்ணுக்குப் பட்ட இடத்துலதான் போட்டேன். அப்புறம் யோசிச்சேன். நீ வீம்புக்காரி. தம்பிப்பாசம்னு நான் சொன்னதுக்கு, பயமே இல்லாத ஒரு கோட்டைப் போட்டு என் மூக்கை உடைக்கத்தான் பாப்பே. அப்ப நீ எங்க போடுவியோன்னு கணக்குப் பண்ணி, அதை அழிச்சிட்டு அங்க போட்டேன். ஒத்துப்போனா நீ பேசுவியோன்னு ஒரு நப்பாசை." என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "காலைல பாத்தா, நான் நினைச்ச அதே இடத்துல நீ போட்டிருந்தே. உன்னை இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கேனேன்னு எனக்குத் தலைகால் புரியல. அப்புறம் மாப்பிள்ளைக்குக் காது போச்சு. நான் அழிக்காம இருந்திருந்தா போயிருக்காது. சொல்லியிருக்கணும். சொன்னா நீ போயிடுவியோன்னு பயம்."

"நான் போடல" என்றேன்.

"என்ன போடல?"

"கோடு. நீங்க சாப்பிடப் போனப்ப டிராயரைத் திறந்தேன். உங்க தாள் மேல என் தாளை வச்சு அப்படியே இழுத்துட்டேன்."

அந்த நேரம் பார்த்துப் பெயிண்டர் கதவருகில் வந்து, "சீலிங்கை முதல்ல ஆரம்பிக்கவா சார்?" என்று கேட்டார். "எதையாவது ஆரம்பிங்க" என்றார் இவர்.

பெயிண்டர் போனதும், "அப்ப அந்தக் கோடு யாரோடது?" என்று கேட்டார்.

நான் போட்டிருக்கக்கூடும் என்று அவர் போட்டது, அவர் போட்டார் என்று நான் போட்டது. ஒருவரும் புள்ளிகளைப் பார்த்து அந்தக் கோட்டைப் போடவில்லை. ஒரே வீட்டில், ஒரே படுக்கையில், ஆளுக்கு ஒரு குற்றத்தை ஒளித்து வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. அவருக்கும் வந்தது, ஆனால் தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவன்கிட்ட சொல்லிடணும்" என்றேன்.

"சொல்லிடணும்" என்றார்.

தம்பி ஒரு மணிக்கு வந்தான். கூடத்தில் எல்லாவற்றையும் துணி போட்டு மூடியிருந்ததால் சமையலறை மேஜையில் உட்கார வைத்தோம். வழக்கம்போல் நான் வலதுபக்கம். அவர் எதிரில், பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து, தாளை அவன் முன்னால் விரித்து, ஒன்று விடாமல் சொன்னேன். டிராயர், அழித்த கோடு, எழுநூற்று இருபது, எல்லாம். "நீ என்ன வேணா சொல்லுடா, கேட்டுக்கறேன்" என்றேன்.

அவன் பள்ளத்தின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டினான். பிறகு டீயை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"யார் யாரைப் பாத்துப் போட்டீங்கன்னு இன்னைக்குத்தான் தெரியும்க்கா. ஆனா ஏதோ தப்புன்னு அன்னைக்கே தெரியும்."

"எப்படி?" என்றார் என் கணவர்.

"எட்டுக் கிணறு மாமா. எட்டுக்கும் நீங்க ரெண்டு பேரும் கத்தினது ரேடியோல கேட்டுச்சு. ஒத்துப்போனாக்கூட அதுக்கும் ஒரு சண்டை. அந்தச் சத்தத்தைக் கேட்டாத்தான் எனக்கு அந்த எண் மேல நம்பிக்கையே வரும். ஒன்பதாவதுக்குச் சத்தமே இல்ல. அக்கா வந்து, மயிரிழைகூட வித்தியாசம் இல்லடான்னு சொல்றா. அந்தக் குரல்ல பாறையைப் பத்தி ஒண்ணுமே இல்ல. முழுக்க உங்களைப் பத்திதான் இருந்துச்சு. சரி, அக்காவுக்குக் கல்யாணம்னு தெரிஞ்சுபோச்சு. அந்த எண்ணை நம்ப வேண்டாம்னும் தெரிஞ்சுபோச்சு. அதான் ஒரு தொட்டி கலக்கி வச்சேன்."

"ஏன்டா இத்தனை வருஷமா சொல்லல?"

"சொன்னா நீ கல்யாணத்தை நிறுத்தியிருப்பே" என்றான். "எனக்கு ஒரு காது போச்சு. அதோட உனக்கு இவரும் போகணுமா?"

அவன் தோளில் தலையை வைத்துக்கொண்டேன், அது வலது தோள் என்பதால் நான் விசும்பியது முழுக்க அவனுக்குக் கேட்டிருக்கும். என் கணவர் மூக்கைச் சீந்திக்கொண்டு, பேச்சை மாற்ற வேண்டுமென்று தாளைத் தன் பக்கம் திருப்பினார். "இருந்தாலும் என் முதல் கோடு சரியாத்தான் இருந்திருக்கு, பாத்தியா மாப்ள" என்றார்.

நான் தலையைத் தூக்கினேன். "என்ன சரி? மேல இந்த நாலு புள்ளியை எப்படிச் சேர்த்தீங்க? அங்க துளை அகலமாயிருக்குன்னு அப்பவே லாக்ல இருந்துச்சே. அதை விட்டுட்டா இன்னும் ஐம்பது மீட்டர் மேல வரும்."

"அந்த நாலும் நல்ல புள்ளிம்மா."

"உங்களுக்குப் பிடிச்ச புள்ளி எல்லாம் நல்ல புள்ளி."

"விடை தெரிஞ்சப்புறம் யார் வேணா கோடு போடலாம்."

"அப்ப ஒரு புதுத் தாளை எடுங்க, தனித்தனியா போடுவோம்." அவர் மேஜையைத் தட்டினார், நான் அளவுகோலைத் தட்டினேன். கூடத்திலிருந்து பெயிண்டர் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். தம்பி நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி, கண்ணை மூடி, நல்ல காதை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான்.